அலினாவுக்கு, அல்லது அவள் அம்மாவுக்கு

ஆர்வோ பேர்ட்டின் 'ஃபூர் அலினா' பியானோவுக்கான மிகச் சிறிய ஆக்கம். அச்சில் இரண்டே பக்கம். எழுதியபடி ஒருமுறை வாசித்தால் இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அதன் மிகப் புகழ்பெற்ற ஒலிப்பதிவு பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அந்த நீண்ட பதிவுதான் சிறந்தது என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தவன் நான். சென்ற மழைக்காலத்தில் யங்கோனின் லத்தாவில், அம்மாவின் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தபோது அந்த எண்ணம் மாறியது. மாறியதற்கான காரணங்கள் இசைக்குள்ளேயே இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பேர்ட் 1935இல் எஸ்தோனியாவில் பிறந்தவர். 1968இல் அவருடைய 'கிரேடோ' சோவியத் அதிகாரிகளின் அதிருப்தியைச் சம்பாதித்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் மிகக் குறைவாகவே எழுதினார். 1971இல் வந்த மூன்றாவது சிம்ஃபனி ஒரு விதிவிலக்கு. மற்ற நேரமெல்லாம் பழைய தேவாலயப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் அந்த மௌனம் கலைந்தபோது வந்தது 'ஃபூர் அலினா'. ஜெர்மன் தலைப்புக்கு 'அலினாவுக்கு' என்று பொருள். அலினா, பேர்ட் குடும்பத்துக்கு வேண்டியவர்களின் மகள். பதினெட்டு வயது. பெற்றோர் பிரிந்தபோது தந்தையோடு இங்கிலாந்து போய்விட்டாள். தலைப்பில் இருப்பது மகளின் பெயர். ஆனால் இசை எழுதப்பட்டது, மகளைப் பிரிந்து நின்ற தாயின் ஆறுதலுக்காக.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமைப்பைப் பார்க்கலாம். முதலில் ஆழத்தில் ஒரு ஸ்வரம், பெடலை மிதித்தபடி நீள விடப்படுகிறது. அதை நம் 'ச' என்று வைத்துக்கொண்டால் மேலே வலது கை வாசிப்பது நடபைரவியின் ஸ்வரங்கள். கமகம் கிடையாது, தாளக் குறி கிடையாது. முதல் அடியில் ஒரு குறுகிய ஸ்வரமும் ஒரு நீண்ட ஸ்வரமும். அடுத்த அடியில் ஒன்று கூடுகிறது. இப்படி நடுப்பகுதிவரை ஒவ்வொன்றாகக் கூடி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து அடங்குகிறது. இடது கை மேலே போகும் மெட்டோடு அதே கணத்தில் ஒலிக்கும். ஆனால் ச, க, ப என்ற மூன்று ஸ்வரங்களை விட்டு நகராது. மெட்டு எங்கே அலைந்தாலும் இந்த மூன்றில் அதற்குக் கீழே அருகில் இருப்பது எதுவோ அதைத் தொடும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேர்ட் இந்த முறைக்கு வைத்த பெயர் 'டின்டினாபுலி'. லத்தீனில் சிறு மணிகள்.

ஒருத்தி வெளியே போகிறாள், ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். இதற்கு மேல் கதை தேவையில்லை.

ஆனால் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், இடது கை தன் மூன்று ஸ்வரங்களை விட்டு 'ரி'யைத் தொடுகிறது. பதினொன்றாவது அடி. இசைத்தாளில் அந்த இடத்தில் ஒரு பூ வரையப்பட்டிருக்கிறது. இந்த ஆக்கத்தை யார் எப்படி வாசித்திருக்கிறார்கள் என்று மதிப்பிட எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் அந்தப் பூ.

மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது அலெக்சாண்டர் மால்டர் வாசித்தது. 1995இல் பதிவாகி, 1999இல் இசிஎம் நிறுவனம் 'அலினா' என்ற பெயரில் வெளியிட்டது. ஐந்து தடங்கள். 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' என்ற ஆக்கம் மூன்று முறை, அவற்றுக்கு இடையில் 'ஃபூர் அலினா' இரண்டு முறை. மால்டர் மணிக்கணக்கில் சுதந்திரமாக வாசித்ததிலிருந்து இந்த இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தவர் பேர்ட்டேதான். இரண்டு பக்க இசை இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, ஸ்தாயி மாறி வருகிறது. ஒரு ஸ்வரம் கரைந்து தீரும்வரை அடுத்தது காத்திருக்கிறது.

இரண்டாவது, 2011இல் நாக்சோஸ் வெளியிட்ட ரால்ஃப் ஃபன் ராட்டின் தொகுப்பு. பேர்ட்டின் பியானோ இசையை இளமைக்காலத்திலிருந்தே தருவது. 1950களின் இறுதியில் எழுதப்பட்ட சொனாட்டினாக்களும் பார்ட்டிட்டாவும் இதில் இருக்கின்றன. அந்தப் படபடப்பையும் முரட்டுத்தனத்தையும் கேட்டுவிட்டு 'ஃபூர் அலினா'வுக்கு வரும்போதுதான், இவ்வளவு குறைவாகச் சொல்ல இந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

மூன்றாவது, ஆலிஸ் சாரா ஓட்டின் 'எக்கோஸ் ஆஃப் லைஃப்'. 2021இல் டாய்ச்ச கிராமஃபோன் வெளியிட்டது. ஷோப்பானின் இருபத்து நான்கு பிரெலூட்களுக்கு இடையில் ஏழு நவீன ஆக்கங்களைச் செருகி, ஒரு வாழ்க்கைக் குறிப்பேடுபோல அமைத்திருக்கிறார். 'ஃபூர் அலினா' அந்த ஏழில் ஒன்று. முன்னும் ஷோப்பான், பின்னும் ஷோப்பான். யோசனை அழகானது. ஆனால் கடைசி ஸ்வரத்துக்குப் பின்னான அமைதி நமக்குச் சொந்தமாவதில்லை. அடுத்த பிரெலூட் வந்து எடுத்துக்கொள்கிறது. இது இந்த ஆக்கத்துக்குச் சிறிய இழப்பல்ல.

மெல்பர்னில் முதுகலை படித்த நாட்களில் எனக்கு மால்டரின் வட்டு கிடைத்தது. அப்போது வீட்டுக்கு மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவும் நிமிடத்தைக் கணக்குப் பார்த்து. இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பத்து நிமிடங்களை ஓட விடுவேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வீடு அதற்குள் இருந்தது என்று நம்பினேன்.

உண்மையான வீடு லத்தாவில், அனோரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் இடையில் ஒரு குறுகிய தெருவில், நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே வருபவர் அதை இழுத்தால் மேலே சிறு மணி ஒலிக்கும். அம்மா எட்டிப் பார்த்து, சாவியைக் கயிற்றின் கிளிப்பில் மாட்டி இறக்குவார். மின்சாரம் போனால் நடைபாதை ஜெனரேட்டர்கள் வரிசையாக உறுமத் தொடங்கும். அங்கே மால்டரைக் கேட்டால் ஸ்வரம் தொடங்குவது மட்டும்தான் கேட்கும். கரைவது கேட்காது. என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. கோப்பைத் திரையில் அலைவடிவமாகத் திறந்து பார்த்தேன். ஒரு சிறு குன்று, பிறகு நீண்டு மெலியும் சரிவு. அந்தப் பதிவின் அழகில் பாதி அந்தச் சரிவில் இருக்கிறது. அமைதியான அறையும் நல்ல ஹெட்ஃபோனும் உள்ளவர்களுக்கே அது முழுதாகக் கிடைக்கும். ஃபன் ராட்டின் பதிவு இந்த இரைச்சலிலும் பிழைத்தது. மெட்டு முன்னே போய்க்கொண்டிருப்பதால் காது அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக முடிந்தது.

பியானோ இந்த ஊருக்கு அந்நியமும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாண்டலே அரண்மனைக்கு வந்த கருவியைப் பர்மியர்கள் 'சந்தயா' என்று பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டார்கள். உ யீ நுவே வாசித்து 1998இல் அமெரிக்காவில் வெளியான தொகுப்பைக் கேட்டுப்பாருங்கள். மூங்கில் பட்டலாவைத் தட்டுவதுபோல இரண்டு கைகளும் மாறி மாறி ஓடி ஒரே மெட்டைப் பின்னுகின்றன. அங்கே இரண்டு கைகளும் ஒரே ஆள். பேர்ட்டிடம் இரண்டு கைகளும் ஒரே கணத்தில் விழுகின்றன, ஆனால் இரண்டு ஆட்கள். சந்தயாவைக் கேட்ட பிறகுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது.

ஒருநாள் இரவு, ஜெனரேட்டர்கள் ஓய்ந்த பிறகு, தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஃபன் ராட்டின் பதிவைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று எதுவும் சொல்லவில்லை.

"கீழ யாரோ கயித்த இழுக்குற மாதிரி இருக்கு," என்றார். சற்று நேரம் கழித்து, "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"சரி."

பிறகு மால்டரைப் போட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார். மெட்டு முடிந்து மறுபடி தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தானப்பா சொன்னாக, திரும்ப என்னத்துக்கு?"

நான் இருபது ஆண்டுகளில் எழுதாத விமர்சனம் அது. மால்டரின் வாசிப்பில் பூவும் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் முறை 'ரி' ஒலிக்கும்போது திடுக்கிடுகிறோம். அடுத்த முறை எதிர்பார்க்கிறோம். அதற்கடுத்த முறை அது அந்த மெட்டின் பழக்கங்களில் ஒன்றாகிவிடுகிறது. ஒருமுறை மட்டும் நடக்க வேண்டியது அது.

அப்பா இறந்த அடுத்த ஆண்டு, ஒரு தொலைபேசி அழைப்பின் முடிவில் அம்மா, "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார். அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. எப்போதும் சாப்பாடு, உடம்பு, வேலை என்ற மூன்று கேள்விகள்தான். அலுவலகத்தில் ஒரு பெரிய மாற்றத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். போகவில்லை. மாதாமாதம் அதைக் கேட்டிருந்தால் இன்று அந்தக் குரல் எனக்கு நினைவிருக்காது.

"பேர்ட்டே தேர்ந்தெடுத்த பதிவு அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். 1976இல் இதை எழுதியவர் இன்னும் எஸ்தோனியாவில் இருந்தவர். பிள்ளையைப் பிரிந்து நிற்கும் தாயைப் பக்கத்தில் பார்த்தவர். 1980இல் அவரே குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார். முதலில் வியன்னா, பிறகு பெர்லின். 1990களில் மால்டரின் நீண்ட வாசிப்பிலிருந்து அந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தவர், அதற்குள் பல ஆண்டுகள் வெளியே வாழ்ந்துவிட்டவர். இரண்டும் ஒரே மனிதர்தான். ஆனால் நின்ற இடம் வேறு. வீட்டில் இருப்பவர் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். வெளியே போனவர்தான் அந்த இரண்டு பக்கங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறார், முடிக்க மனமில்லாமல். இது என் ஊகம். ஆனால் மெல்பர்ன் அறையில் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தியவனுக்கு இது வெறும் ஊகமாகத் தோன்றவில்லை.

ஆகவே மால்டரின் பதிவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நம்மைப் போன்றவர்களின் பதிவு. நாம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். ஆனால் 'ஃபூர் அலினா'வைப் புதிதாகக் கேட்கப் போகிறவர் ஃபன் ராட்டிடமிருந்து தொடங்கட்டும். தூங்கவைக்கும் பாடல் பட்டியல்களில் சிக்கியிருக்கும் வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பட்டியலில் அடுத்த பாட்டு உடனே வந்து, கடைசி ஸ்வரம் கரையும் நேரத்தைத் தின்றுவிடும். ஒருமுறை கேளுங்கள். இடது கை எங்கே வீட்டை விட்டு ஓர் அடி வெளியே வருகிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் மறுபடி போடாதீர்கள். அன்று வீட்டுக்குப் பேச வேண்டியிருந்தால் அந்த நேரத்தில் பேசிவிடலாம்.