'ஆன்லைன் லேப்'னா எந்த லேப்?

மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' தளத்தில் இருப்பவை பெரும்பாலும் சிமுலேஷன்தான். எழுதினவர் போட்ட சமன்பாட்டைத் தாண்டி அதில் எதுவும் நடக்காது.

ஐஐடி பம்பாய் செய்த ஹீட்டர் கருவி வேற ரகம். அங்கே எஃகுத் தகடு நிஜமாவே சூடாகும், விசிறி நிஜமாவே சுற்றும். இணையம் வழியா சைலேப் நிரலால் இயக்கலாம். ஒரே கட்டளையை ரெண்டு தடவை கொடுத்தாலும் வெப்பநிலைக் கோடு அச்சு அசலா ஒண்ணா வராது. அந்த வித்தியாசம்தான் பாடம்.

இதுக்கும் எல்லை உண்டு. டெல்டா களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் 3 மி.மீ. திரியா உருட்டி, எந்த ஈரத்தில் உடையுதுன்னு பார்ப்பது பிளாஸ்டிக் லிமிட் சோதனை. அதுக்கு உள்ளங்கை வேணும்.

மூணையும் ரெக்கார்டு நோட்டில் 'ஆன்லைன் லேப்'னு ஒரே கணக்கில் எழுதினா, தஞ்சாவூர் சிவில் மாணவர் மண்ணைத் தொடாமலே பட்டம் வாங்கிடலாம்.