நிற்காமல் ஓடும் முள்ளெலி

2010-இல் செகா நிறுவனம் ‘சோனிக் 4’ என்ற பெயரில் ஒரு கேமை வெளியிட்டது. பளபளப்பான ஓவியம், பழைய பச்சை மலைகளை நினைவூட்டும் களம், தங்க வளையங்கள் என எல்லாமே இருந்தன. ஓட்டம் மட்டும் இல்லை. தாவும்போது திசைப் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் முள்ளெலி நாயகன் சோனிக் அந்தரத்திலேயே வேகமிழந்து பொத்தென்று விழும். செங்குத்துச் சுவரில் நடுவழியில் நின்றுவிட்டாலோ கீழே விழாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 1991-இல் செகாவின் மெகா டிரைவ் கருவியில் முதல் சோனிக்கை ஆடியவர்களுக்கு, இது அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த வேறு ஆள் என்று ஐந்தே நிமிடத்தில் புரிந்துபோனது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில் வந்த ‘சோனிக் மேனியா’ அந்தக் கணக்கைத் தீர்த்தது. அதைச் செய்தவர்கள் செகாவின் முன்னணி அணியினர் அல்லர். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் வைட்ஹெட், ஹெட்கேனன், பகோடாவெஸ்ட் என்ற சிறு குழுக்கள், இசைக்கு டீ லோப்ஸ் என எல்லாருமே ரசிகர் வட்டத்திலிருந்து மேலே வந்தவர்கள். வைட்ஹெட் தானே எழுதிய ‘ரெட்ரோ எஞ்சின்’ மென்பொருளில் பழைய ‘சோனிக் சிடி’ கேமை ஓட்டிக் காட்டி, 2011-இல் அதன் அதிகாரபூர்வ மறுவெளியீட்டையே தன் கைக்குக் கொண்டுவந்தவர். பழைய நிரலின் ஒவ்வொரு நெளிவும் அவருக்கு அத்துப்படி. ‘பழைய நினைவுகளைக் காசாக்கிய கேம்’ என்று மேனியாவை ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நினைவுகளைத்தான் சோனிக் 4-உம் விற்றது. மேனியா சரிசெய்தது பள்ளியில் படித்த அந்த உந்தத்தை.

சோனிக்கின் வேகம் பட்டனில் இல்லை, தரையில் இருக்கிறது. சரிவில் ஓடினால் வேகம் கூடும். உடலைச் சுருட்டி உருண்டால் இன்னும் கூடும். ஏற்றம் அதைத் தின்னும். பாலத்திலிருந்து இறங்கும் சைக்கிளை மிதிக்காமல் விட்டு, அடுத்த மேட்டைப் பாதி வரை ஏறிவிடுவோமே, அந்தக் கணக்குதான். எங்கே சுருள வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்று முடிவெடுப்பதே ஆட்டக்காரரின் வேலை.

இதன்மேல் மேனியா சேர்த்த ஒரே பெரிய அசைவு ‘டிராப் டாஷ்’. 1992-இல் ‘சோனிக் 2’ தந்த ‘ஸ்பின் டாஷ்’ அருமையான கருவிதான். ஆனால் அதற்கு நிற்க வேண்டும், குனிய வேண்டும், பட்டனைத் தட்டி முறுக்கேற்ற வேண்டும். ஓட்டத்துக்கென்றே பிறந்த கேமில் வேகமெடுக்க நின்றாக வேண்டியிருந்தது! டிராப் டாஷ் அந்த முரணை அவிழ்த்தது. தாவி, காற்றிலேயே தாவும் பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தால், தரையைத் தொட்ட நொடியில் சோனிக் உருண்டு பாயும். முள்ளை நோக்கிப் பாய்ந்தால் வளையங்கள் சிதறுவது உங்கள் பாடு. விழுமிடம் சரிவா, சமதளமா என்று முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவருக்கு அது விருந்து. ‘டைம் அட்டாக்’ பகுதியில் நல்ல ஆட்டக்காரரையும் சாதாரண ஆட்டக்காரரையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு அசைவுதான் என்பேன்.

அகலத் திரையும் உதவுகிறது. பழைய டிவியில் எதிரே வருவது தெரியாமல் மோதி வளையங்களை இழந்ததெல்லாம் இதில் பாதியாவது குறைகிறது.

குறைகளும் உண்டு. 12 களங்களில் 8 பழையவை. அவற்றில் பலவும் முதல் சுற்றில் பழக்கமானதைக் காட்டி, இரண்டாம் சுற்றில் தடம் மாறுகின்றன என்பது உண்மை. ‘கெமிக்கல் பிளான்ட்’ முடிவில் சண்டைக்குப் பதிலாக வில்லனோடு வண்ண உருண்டைகளை அடுக்கும் புதிர்ப் போட்டி வருவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் குறும்பு. ஆனாலும் முற்றிலும் புதிதான ‘ஸ்டூடியோபோலிஸ்’ களத்தை ஆடி முடிக்கும்போது, இவர்களை முழுக்கப் புதிய மைதானத்தில் இறக்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ள 10 நிமிடக் கெடுவோ வெறும் பிடிவாதம். ‘டைட்டானிக் மோனார்க்’ போன்ற நீண்ட களத்தில் மூலை முடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருக்கையில் கடிகாரம் உயிரைப் பறிக்கிறது. அது கடைசி உயிராக இருந்தால் களத்தின் முதல் சுற்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைமைக்கு விசுவாசம் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

மேனியாவுக்குப் பின், அதே 2017 நவம்பரில் செகாவின் சொந்த அணி இறக்கிய ‘சோனிக் ஃபோர்சஸ்’ விமர்சகர்களிடம் அடி வாங்கியது. 2023-இல் வந்த ‘சோனிக் சூப்பர்ஸ்டார்ஸ்’ உந்தத்தைச் சரியாகவே பிடித்தது; ஆனால் அடிக்க வாய்ப்பே தராமல் இழுத்தடிக்கும் வில்லன் சண்டைகளில் ஆட்டக்காரரை நிற்க வைத்துக் காக்கவிட்டது. அந்த கேமைச் செய்தது ஜப்பானின் அர்செஸ்ட் நிறுவனம். மேனியாவின் வைட்ஹெட்டும் சில கூட்டாளிகளும் அதற்குள் ‘ஈவினிங் ஸ்டார்’ என்று சொந்த நிறுவனம் தொடங்கி, யோயோ சுழற்றி ஓடும் ஒரு பெண்ணை வைத்து முப்பரிமாண கேம் ஒன்றில் இறங்கியிருந்தார்கள். ‘பென்னிஸ் பிக் பிரேக்அவே’ என்ற அந்த கேம் 2024-இல் வந்தது.