ரம்பமும் வக்ஃபாகும்: மென்பொருள் உரிமை குறித்து நம்மிடையே நிலவும் இரு கருத்துகள்

ஹிதாயா வகுப்பில் ‘கிதாபுல் வக்ஃபு’ பாடம் நடந்துகொண்டிருந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து ஓதும் மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், நம் அலுவலகக் கணிப்பொறியில் இருக்கும் மென்பொருள்களெல்லாம் காசு கொடுத்து வாங்கியவைதாமா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர் குறுந்தகட்டில் கொணர்ந்து, பூட்டுடைத்து ஏற்றித் தந்தவை அவை என்பதை நான் அறிவேன். அவற்றைக் கொண்டுதான் நாங்கள் ரமலான் கால அட்டவணையும், ஜகாத் சட்டங்கள் பற்றிய சிறு நூலும் அச்சிட்டிருந்தோம்.

இவ்விஷயத்தில் நம் மக்களிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. முதலாவது, மென்பொருளைப் படியெடுப்பது திருட்டாகாது என்பது. படியெடுத்த பின்னும் உடையவரின் பொருள் அவரிடமே குறையாமல் இருக்கிறது. கோடிக்கணக்கில் பொருளீட்டும் நிறுவனத்திற்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்கின்றனர். இரண்டாவது, உரிமை உரிமையே, காசிருந்தால் வாங்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும் என்பது. முதற்கருத்தைச் சேலம் கடைவீதியில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞரிடம் கேட்கலாம். இரண்டாவதை மிம்பரிலிருந்து கேட்கலாம். இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கருத்துக்கு ஃபிக்ஹில் வேரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையகப்படுத்தவும் தேவைக்கெனச் சேர்த்துவைக்கவும் இயல்வதையே ஹனஃபி சட்டமேதைகள் ‘மால்’ என்றனர். பொருளைவிட்டுத் தனித்து நிற்கும் வெறும் உரிமையை விற்க இயலாது என்பது அம்மரபின் பழைய நிலை. இவ்வடிப்படையில் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியோர் பதிப்புரிமையை விலைபேசுவதை ஏற்கவில்லை. அவருடைய மைந்தர் முஃப்தி தகீ உஸ்மானீ, மக்களின் வழக்காறு ஓர் உரிமைக்குப் பொருளின் மதிப்பைத் தரவல்லது என்று வாதிட்டு அதனை ஏற்றார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர், வணிகக் குறி ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை எனத் தீர்மானித்தது.

முன்னோரின் பழைய நிலையைத் துணைக்கழைப்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பெரியோர் தம் நூல்களுக்கும் அதே அளவுகோலையே வைத்தனர். நாமோ பூட்டுடைத்த மென்பொருளில் அச்சுக்கோத்த நூலின் இரண்டாம் பக்கத்திலேயே, “உரிமை பதிப்பாளருக்கே, அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யலாகாது” என்று பொறித்துவைக்கிறோம். பிறர் உரிமை வெறும் உரிமை, நம் உரிமை மட்டும் மால் என்பது எந்த மத்ஹபின் தீர்ப்பு?

இனி, இரண்டாம் கருத்துக்கு வருவோம். “காசு கொடுத்து வாங்கு” என்கிறோம். ஆனால் நாம் வாங்குவது எதை? மென்பொருளை நிறுவும்போது திரையில் விரியும் உடன்படிக்கையைப் படிக்காமலே “ஏற்கிறேன்” என்று அழுத்துகிறோம். ஃபிக்ஹு மாணவன் ஒருவன் அதனைப் பாடமாக எடுத்துப் படித்தால் திடுக்கிடுவான். பெரும்பாலான உடன்படிக்கைகளில் இது விற்பனையன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று எழுதப்பட்டிருக்கும். அவ்வாறாயின் இது ‘பைஉ’ அன்று. ‘இஜாரா’ என்று கொள்வோமாயின் காலமும் பயனும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். பலவற்றில் காலவரையறை இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையை மாற்றும் அதிகாரம் மட்டும் ஒரு தரப்பிடம் இருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், கிண்டில் கருவியில் வாசகர்கள் விலைகொடுத்துப் பெற்றிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை, பதிப்புரிமைச் சிக்கலைக் காட்டி அவர்கள் கருவியிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஆயினும், விற்ற கிதாபை வாங்கியவர் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லும் வல்லமை விற்றவருக்கு இருந்தது என்பது வெளிப்பட்டுவிட்டது.

நம் பகுதி மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளை அறியாதார் யார்? சேஸிஸை வாங்கி வந்து தம் தொழிலுக்கேற்ற கூண்டைக் கட்டிக்கொள்வதே இங்குள்ள வழக்கம். “கூண்டை நாங்களே கட்டுவோம், பழுதை நாங்களே நீக்குவோம், பட்டறைக்காரர் திறந்து பார்க்கவும் கூடாது” என்று விற்பவர் நிபந்தனை விதித்தால், ஒப்பந்தத்தின் இயல்புக்கு ஒவ்வாததும் ஒரு தரப்புக்கே பயன் தருவதுமான ‘ஷர்த் ஃபாஸித்’ என்று ஹிதாயா ஓதிய மாணவன் சொல்லிவிடுவான். 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டதும் இக்கேள்வியின் வாயிலாகவே. உரிமையைப் பேசும் நம் மிம்பர்கள் விற்பவரின் உரிமையைச் சொல்லி வாங்குபவரின் உரிமையை விட்டுவிடுகின்றன.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழி உண்டு. அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்த பக்கத்திலேயே அது இருந்தது.

அசையும் பொருள்களை வக்ஃபு செய்யலாமா என்பது அப்பாடத்தின் வினா. நிலம் என்றும் நிலைப்பது, பொருள்களோ தேய்ந்தழிவன. எனவே போர்க்குதிரை, படைக்கலம் போன்று ஆதாரம் வந்தவை தவிர, தனித்த அசையும் பொருளை வக்ஃபு செய்வதை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஏற்கவில்லை. இமாம் முஹம்மது (ரஹ்) மக்களின் நடைமுறையைச் சான்றாகக் கொண்டு, அவ்வழக்கம் உள்ளவற்றில் அனுமதித்தார். ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) இதற்குத் தரும் பட்டியல் சுவையானது: கோடரி, மண்வெட்டி, வாச்சி, ரம்பம், ஜனாஸாக் கட்டில், அதன் துணிகள், சட்டிகள், கொப்பரைகள், முஸ்ஹஃபுகள். அடுத்து, நுஸைர் இப்னு யஹ்யா முஸ்ஹஃபை ஒப்பாகக் கொண்டு தம் நூல்களை வக்ஃபு செய்த செய்தியையும் குறிக்கிறார். தச்சனின் ரம்பமும் அறிஞரின் நூலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊருக்குத் தேவையான கருவி ஒருவர் கையில் பூட்டப்பட்டுவிடலாகாது என்பதை அந்த மக்கள் வழக்கத்தால் அறிந்திருந்தனர். சட்டம் அவ்வழக்கத்தை மதித்தது.

மென்பொருளும் ஒரு கருவிதான். தேய்ந்தழியாத கருவியாதலால், இமாம் அபூயூஸுஃபின் தயக்கத்துக்கும் இங்கு இடம் குறைவு. 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், உட்புகுந்து கற்கலாம், படியெடுத்துப் பகிரலாம், திருத்தி வெளியிடலாம் என்னும் நான்கு உரிமைகளையும் பயன்படுத்துவோருக்கு அளிப்பதே அவர் கருதிய கட்டற்ற மென்பொருள். 1989-இல் வெளிவந்த குனூ பொது உரிமம் அதற்கொரு நிபந்தனை சேர்த்தது: திருத்தி வெளியிடுவோர் மூலநிரலையும் அதே உரிமத்துடன் அடுத்தவருக்குத் தந்தாக வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. நம்மில் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கருவின்மீது எழுந்ததே. அறியாமலே நாம் அந்த நீரைப் பருகிக்கொண்டிருக்கிறோம்.

இந்நிபந்தனையை வக்ஃபு சட்டத்தோடு வைத்துப் பார்க்கும்போது வேறுபாடுகள் தெளிவாகின்றன. பி.எஸ்.டி. முதலிய சில உரிமங்கள் பெற்றவர் எதுவும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. அது ‘ஹிபா’ போன்றது. ஆப்பிள் நிறுவனம் பி.எஸ்.டி. நிரல்களைத் தன் வணிக இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது முறையானதே. அன்பளிப்பைப் பெற்றவர் அதற்கு வேலி போட்டுக்கொள்ளலாம். குனூ உரிமமோ வாகிஃபின் நிபந்தனையைப் போன்று அடுத்தடுத்த கைகளையும் பின்தொடர்கிறது. முழு ஒப்புமை என்று சொல்லமாட்டேன். வக்ஃபுப் பொருளை விற்க முடியாது. கட்டற்ற மென்பொருளின் படியை விலைக்கு விற்கலாம். வக்ஃபில் உடைமை அல்லாஹ்வுக்குரியதாகிவிடுகிறது; இங்கு ஆசிரியர் தம் காப்புரிமையைக் கைவிடுவதில்லை, அதனையே காவலாக்கிப் பூட்டைத் தடுக்கிறார். ஆகவே காப்புரிமையை மதிக்க வேண்டும் என்ற இரண்டாம் கருத்தினருக்கும் இதில் மறுப்பு எழ வழியில்லை.

ஆலிம்களிடமிருந்து எழும் மறுப்பு வேறு: “எவரும் திருத்தலாம் என்றால் மூலம் என்னாவது? தஹ்ரீஃபுக்கு வாயில் திறந்தாற்போல் ஆகாதா?” இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. ஆனால் விடை உரிமங்களுக்குள்ளேயே இருக்கிறது. திருத்தியவர் தாம் திருத்தியதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்கிறது குனூ உரிமம். திறந்த எழுத்துரு உரிமத்தில், முதல் ஆசிரியர் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கிவைத்தால், அதனைத் திருத்தி வெளியிடுவோர் வேறு பெயர் சூட்ட வேண்டும். அறிவிப்பாளரின் சொல் ஹதீஸுக்குள் கலந்துவிட்டால் அதனை ‘முத்ரஜ்’ என்று பிரித்துக் காட்டிய முஹத்திஸ்களின் மாணவர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று. மேலும், கருவிக்கும் மூலத்துக்கும் ஒரே விதி வேண்டியதில்லை. 2007-இல் தொடங்கிய ‘தன்ஸீல்’ திட்டம், சரிபார்த்த குர்ஆன் மூலத்தை யாவரும் படியெடுத்துப் பயன்படுத்தலாம், ஓர் எழுத்தையும் மாற்றலாகாது என்ற நிபந்தனையோடு வழங்குகிறது. கெய்ரோவின் பூலாக் அச்சக எழுத்தழகை மீட்டெடுத்த காலித் ஹுஸ்னீயின் ‘அமீரீ’ எழுத்துருவோ கருவியாதலால் திருத்தவும் திறந்திருக்கிறது. எங்கே திறப்பது, எங்கே காப்பது என்பதைத் தெரிந்தே செய்திருக்கின்றனர்.

இதனை நான் நூலறிவாக மட்டும் சொல்லவில்லை. என் உஸ்தாத் ஒருவர் ஹிதாயாவின் சில பாடங்களுக்குத் தமிழில் எழுதிய விளக்கக் குறிப்புகளை 2003-இல் சேலத்து டி.டி.பி. நிலையம் ஒன்றில் தட்டச்சு செய்வித்தோம். முதற்பாகம் நூலாயிற்று. இரண்டாம் பாகம் பணமின்றி நின்றது, கையெழுத்துப்படி கறையானுக்கு இரையாயிற்று, உஸ்தாதும் மறைந்தார். குறுந்தகடு பத்திரமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, தமிழ் இருக்க வேண்டிய இடமெங்கும் பொருளற்ற அயல் எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு தனக்கெனத் தனிக் குறியீடு கொண்டது. கணிப்பொறியில் ஒரு பூட்டுச்சாவி செருகியிருந்தால்தான் இயங்கும். நிலையம் மூடப்பட்டுவிட்டது, சாவியும் போயிற்று. சொற்கள் எங்களுடையவை; அவற்றைப் படிக்கும் வழி வேறொருவருடையது.

இதற்கு நேர்மாறானது மதுரைத் திட்டத்தின் அனுபவம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய அம்முயற்சியில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் இடம்பெற்றது. அதன் நூல்கள் முதலில் இணையத்தமிழ் ஆர்வலர்கள் கலந்து பேசி வகுத்த ‘திஸ்கி’ குறியீட்டில் வெளிவந்தன. பின்னர் ஒருங்குறி பரவியபோது அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. குறியீட்டு அட்டவணை எல்லாருக்கும் தெரிந்ததாயிருந்ததால் அது இயன்றது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்திய இருபதாண்டுகளில் நம் சமுதாயம் அச்சிட்ட தமிழ் இஸ்லாமிய நூல்களின் கணிப்பொறிக் கோப்புகளில் எத்தனை என் உஸ்தாதின் குறிப்புகளைப் போலக் கிடக்கின்றனவோ!

திறமூலத்தைப் போற்றுவோரிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். வக்ஃபு செய்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. முதவல்லியும் பராமரிப்பு வருமானமும் இல்லாத வக்ஃபு பாழடையும் என்பதை இவ்வட்டாரத்தின் இடிந்த சுற்றுச்சுவர்களே சொல்லும். இணையத்தின் பாதுகாப்புக்கு உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதனைக் காத்துவந்தோர் மிகச் சிலர். திட்டத்துக்குக் கிடைத்த ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்று அப்போது தெரியவந்தது. இலவசம் என்பதற்காக மட்டும் இவ்வழிக்கு வருவோர், பூட்டுடைத்துப் பயன்படுத்துவோரிடமிருந்து மனநிலையில் வெகுதூரம் வந்துவிடவில்லை. பயன்பெற்றவர் பிழையைச் சுட்டியோ, மொழிபெயர்த்தோ, பொருளுதவி செய்தோ தம் பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு அன்று நான் நேரடியாக விடை சொல்லவில்லை. அலுவலகக் கணிப்பொறியில் லினக்ஸையும் லிபர்ஆபிஸையும் நிறுவச் சொன்னேன். ஒரு மாதம் எல்லாரும் முணுமுணுத்தனர், பிறகு பழகிவிட்டனர். உஸ்தாதின் குறுந்தகட்டையும் அவரிடம் கொடுத்தேன். அவர் அச்சான முதற்பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கோப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எந்தக் குறி எந்தத் தமிழெழுத்து என்று அட்டவணை தயாரித்தார். அவ்வட்டவணையைக் கொண்டு இரண்டாம் பாகத்தைத் திறந்தபோது, உஸ்தாதின் சொற்கள் தமிழில் வந்து நின்றன. இப்போது மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் பக்கத்தில் இம்முறை “மறுபதிப்புச் செய்யலாகாது” என்ற வரி இராது. மூலத்தை மாற்றாமல் எவரும் அச்சிடலாம், பகிரலாம். கூடுதலாக எழுதுவோர் தம் பெயரில் தனியே எழுத வேண்டும் என்றிருக்கும்.

அந்த எழுத்து அட்டவணைக்கு என்ன நிபந்தனை எழுதுவது என்று மாணவர் கேட்டார். அது கருவியாதலால், திருத்தவும் பகிரவும் தடையில்லை, பெறுபவர் பூட்டலாகாது என்று எழுதச் சொன்னேன். அதே எழுத்துருவில் சிக்கிய கோப்பு வேறெங்கேனும் கிடக்குமாயின், அவர்களுக்கும் அது உதவட்டும்.