ஐப்பசி எலிக்கு எந்தப் பொறி?

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, மச்சில் யாரோ கோலிக்குண்டு உருட்டுவது போல. விடிந்து பார்த்தால் அரிசிச் சாக்கின் மூலையில் ஓட்டை, கருப்பட்டிப் பானையின் வாய்த்துணியில் பல் தடம், பத்தமடைப் பாயின் ஓரத்தில் பிரிந்து தொங்கும் கோரை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, சுத்தமல்லி என்று வாய்க்காலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஊர்களுக்கு இது வருஷம் தவறாத விருந்தாளி.

குளிர்நாடுகளில் இந்தப் பருவத்தில் எலி வீட்டுக்குள் நுழைவது கதகதப்புக்காக. இங்கே அதை விரட்டுவது தண்ணீர். கார் நெல் புரட்டாசியோடு அறுத்து முடிகிறது. அதுவரை வயலில் தின்று வரப்பில் குட்டி போட்டுக்கொண்டிருந்த எலிக்கு ஒரே மாதத்தில் சாப்பாடும் போகிறது, இருப்பிடமும் போகிறது. அடுத்த பிசான நெல்லுக்காகத் திறந்துவிட்ட பாபநாசம் அணைத் தண்ணீர் கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் இறங்கி வயலுக்குப் பாய்கிறது. கூடவே வடகிழக்குப் பருவமழை. வளை நிரம்பினால் அடுத்த மேடு எது? வீட்டுத் திண்ணைதான்.

இந்த நேரத்தில் இரும்புக்கடையிலும் செல்போனிலும் எலிக்கென்று விற்கும் பொருட்கள் ஏராளம். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பார்ப்பதற்காக, வாய்க்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஐந்து கருவிகள் மாற்றி மாற்றி வைக்கப்பட்டன. மச்சு, நெல் போட்டு வைக்கும் குலுக்கை, பின்கட்டில் அங்கணம், கூரையைத் தொட்டுக்கொண்டு ஒரு முருங்கை. எலி கேட்கும் எல்லா வசதியும் உள்ள வீடு.

பொறி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. சுவர் ஓரமாக ஒரு முழ நீளத்துக்குக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுக்க வேண்டும். அரிசி மாவு கூடாது, தின்றுவிடும். வெள்ளைக்கல் பொடிதான் சரி. காலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் கால் தடம் தெளிவாகத் தெரிகிறது. எலிக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. நடுவில் வால் இழுத்த கோடு. புழுக்கை சீரகம் அளவில் இருந்தால் சுண்டெலி. நெல்மணி அளவுக்கு மேல் இருந்தால் கூரை வழியாக இறங்கும் வீட்டெலி. அங்கணத்துக்குப் பக்கத்தில் மண் குவியலோடு பெரிய வளை தெரிந்தால் அது பெருச்சாளி. அதைச் சின்னப் பொறி ஒன்றும் செய்யாது. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிற, நாற்றமடிக்கிற மூஞ்சூறு எலியே இல்லை. அது கரப்பானைத் தின்கிற பிராணி. அதைப் பிடித்து ஆகப்போவது எதுவுமில்லை.

அந்த வீட்டில் விழுந்தவை சீரகமும் நெல்லும் கலந்த புழுக்கைகள். இரண்டு வகையும் இருந்தன.

முதலில் மின்சாரக் கருவி. சுவிட்ச் போர்டில் செருகினால் நீல விளக்கு எரியும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலியை ஓட்டிவிடும் என்று அட்டைப்பெட்டி சொல்கிறது. வீடு முழுவதற்கும் ஒன்று போதும் என்றும் அச்சடித்திருந்தது. எலிகளுக்கு அந்த ஒலி கேட்கும் என்பது உண்மை. அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதே அந்த அலைவரிசையில்தான். ஆனால் இந்த மீயொலி சுவரைத் தாண்டாது. அரிசி மூட்டை, பீரோ, மடித்து வைத்த மெத்தை எது குறுக்கே நின்றாலும் அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச நாளில் எலிக்கு அது பழகியும் போகும். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001லேயே இப்படிப்பட்ட கருவிகளைச் செய்யும், விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்லும் பலனுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓட்டு வீட்டிலும் பலன் நிற்கவில்லை. முதல் இரண்டு இரவு தடம் குறைந்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் காலையில், செருகியிருந்த கருவிக்கு நேர் கீழே, கோலப்பொடியில் வால் கோட்டோடு தடம் போயிருந்தது. மழைக்குக் கரண்ட் போன இரவுகளில் அந்த நீல விளக்கும் இல்லை. இதற்குக் கொடுத்த காசு வீண் என்று எழுதுவதில் தயக்கம் தேவையில்லை.

அடுத்தது பசை அட்டை. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கிறது, பிடிக்கவும் செய்கிறது. அதுதான் அதன் குற்றமும். யாரைப் பிடிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. முதல் இரவில் ஒட்டியிருந்தது ஒரு பல்லி. வீட்டு ஆச்சி தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அரை மணி நேரத்தில் அதை விடுவித்தார். இரண்டாம் இரவில் ஒரு சுண்டெலி. விடிந்தும் அது சாகவில்லை. தோல் உரிய இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. “இது பாவம்லா, தூரப் போடுங்க” என்று ஆச்சி சொன்னதோடு அந்தச் சோதனை முடிந்தது. இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுமக்கள் இதை வைப்பது குற்றம். நம் வீடுகளில் இதற்கு இடம் வேண்டாம்.

மூன்றாவது அடிபொறி. பலகையில் ஸ்பிரிங் கம்பி பூட்டிய பழைய வடிவமும் உண்டு, பல் வைத்த பிளாஸ்டிக் கிளிப்பும் உண்டு. 1890களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காப்புரிமை பெற்ற இந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. சரியாக வைத்தால் சுண்டெலியை ஒரே அடியில் முடித்துவிடுகிறது, துடிப்பு இல்லை. சரியாக வைப்பதென்றால் சுவரைப் பார்த்து, இரை இருக்கும் பக்கம் சுவரில் முட்ட வேண்டும். எலி நடுத்தரையில் நடக்காது. மீசை சுவரில் உரசும்படிதான் ஓடும். அறைக்கு நடுவில் வைத்த அடிபொறி மூன்று நாளும் சும்மா கிடந்தது. அதையே குலுக்கைக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் வைத்ததும் அன்றிரவே விழுந்தது. ஆனால் தவழும் குழந்தை, பூனை, கோழி இருக்கும் வீட்டில் இதை வெளியில் வைக்கவே கூடாது. பெரிய வீட்டெலி மாட்டினால் சில நேரம் கால் மட்டும் சிக்குகிறது. அது பார்க்கச் சகிக்காத காட்சி.

இனி, தாத்தா காலத்து மரப்பொறி.

“அண்ணாச்சி, எலிப்பொறி இருக்கா?” என்று கேட்டால் நெல்லை இரும்புக்கடைக்காரர் திருப்பிக் கேட்பார், “மரமா, கம்பியா?” இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் இரண்டுமே கிடைக்கின்றன. மரப்பொறி என்பது ஒரு முழத்துக்கும் குறைவான பெட்டி. ஒரு முனையில் கம்பி வலை, மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த கதவு. கதவைத் தூக்கி மேலே ஒரு கம்பியால் நிறுத்தினால், அந்தக் கம்பியின் மறுநுனி பெட்டிக்குள் தொங்கும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். கொக்கியில் இரை. எலி இரையை இழுத்தால் கம்பி நழுவும், கதவு பட்டென்று விழும்.

கடையிலிருந்து வந்தபடியே வைத்தபோது மரப்பொறி தோற்றது. மூன்று இரவும் இரை காணாமல் போனது; கதவு திறந்தபடியே இருந்தது. காரணம் இரண்டு. கம்பி நுனி கொக்கிக்குள் அரை விரற்கடை போய் உட்கார்ந்திருந்தது. இருபது கிராம் எடை உள்ள சுண்டெலி இழுத்தால் அது அசையாது. நுனியை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு நெல்மணி அகலத்துக்கு மட்டும் மாட்டும்படி வைத்த பிறகு, ஊதினாலே விழும் போல ஆனது. இன்னொரு காரணம் மசால்வடை. எலிக்கு வடை பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வடை உதிரும். எலி கொக்கியை இழுக்காமல் கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது. நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லு அல்லது நெத்திலிக் கருவாடு, அதை நூலால் கொக்கியில் இறுக்கிக் கட்டுவது, இதுதான் வேலை செய்தது. நான்காம் இரவு இரண்டு மணிக்கு அந்தப் ‘பட்’ சத்தம் கேட்டது.

சுண்டெலி புதுப் பொருளைப் போய் முகர்ந்து பார்க்கும். பெரிய வீட்டெலி அப்படியில்லை. புதிதாக ஒன்று வந்தால் பல நாள் விலகியே போகும். அதற்குக் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, இரண்டு மூன்று இரவு சும்மா தீனி போட வேண்டும். தைரியமாக உள்ளே போய் வரத் தொடங்கியபின் கொக்கியை மாட்டினால் விழுகிறது. ஓட்டு வீட்டில் பெரிய எலிகளைப் பிடித்தது இந்தப் பொறுமைதான். மரத்தைக் கடித்து ஓட்டை போட்ட ஒன்று தப்பிவிட்டதால், அவற்றுக்கு ஐந்தாவது கருவியான கம்பிக்கூண்டே மேல். ஆனால் கூண்டின் கொக்கி கொஞ்சம் முரடு, சுண்டெலி தப்பிவிடும்.

பிடித்ததை என்ன செய்வது என்பதற்கு எந்தப் பொறியும் பதில் சொல்வதில்லை. தெருமுனையில் திறந்துவிட்டால் திரும்பி வரும், அல்லது அடுத்த வீட்டுக்குப் போகும். தண்ணீரில் முக்கிக் கொல்வது கொடுமை. அந்த வீட்டுக்காரர் கூண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், ஊருக்கு வெளியே, சாரைப்பாம்பும் கூகையும் உள்ள தரிசில் திறந்துவிட்டார். கையில் உறை, பிறகு கூண்டுக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அது தேங்கிய தண்ணீர் வழியாகப் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷனே மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குத் தேங்கிய தண்ணீர் எப்படி வீட்டுக்குள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து கருவிகளில் எலி மருந்து சேர்க்கப்படவில்லை. மறந்துவிட்டதால் அல்ல. மூன்று சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பசை ஈரலை அழித்து எத்தனையோ உயிரைக் குடித்தபின், தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். ரத்தம் உறையாமல் செய்யும் கட்டி மருந்தைத் தின்ற எலி ஓட்டுக்குள்ளோ சுவருக்குள்ளோ போய்ச் சாகும். அதைத் தின்னும் கூகைக்கும் விஷம் ஏறும். அந்தக் கூகையை வரவழைக்கத்தான் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் ‘டி’ வடிவத் தாங்கிகள் நடச் சொல்கிறது. வரப்பை அகலமாக விடாதீர்கள் என்றும் சொல்கிறது. அகல வரப்புதான் எலிக்கு மாடி வீடு.

ஒரு வாரத்தில் மரப்பொறியும் கம்பிக்கூண்டும் சேர்ந்து பெரும்பாலானதைப் பிடித்தன. ஆனாலும் கோலப்பொடியில் புதுத் தடம் வந்துகொண்டே இருந்தது. பிடிக்கப் பிடிக்க வழி திறந்தே இருந்ததுதான் காரணம். சுண்டுவிரல் நுழையும் துவாரம் சுண்டெலிக்குத் தாராளம். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தார். அங்கணத் துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அடித்தார். பின்கதவின் அடியில் தகரப் பட்டை வைத்தார். குழாய் நுழையும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினார். முருங்கைக் கிளையைக் கூரையிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்கு வெட்டி விலக்கினார். சாக்கில் இருந்த அரிசி மூடி போட்ட தகர டின்னுக்குப் போனது. இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த மின்சாரக் கருவியின் விலை வரவில்லை.

கார்த்திகையில் ஈரம் ஏறி மரப்பொறியின் கதவு உப்பிப் பாதியில் நின்றது. அதன் பெரிய குறை இது. கதவின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் இறங்குகிறது. அப்படித் தேய்த்து வைத்த பொறி ஐந்து இரவாக விழவில்லை. ஆறாம் நாள் ஆச்சி டார்ச் அடித்துப் பார்த்தபோது, கோலப்பொடியில் சின்னதாக, விரல் விரித்த ஒரே ஒரு தடம் இருந்தது. பல்லி.