தாயின் குரலும் ஞானத்தந்தையின் குரலும்: மாரியோ பூசோவின் நாவலொன்றை முன்வைத்துச் சில கருத்துகள்

புலம்பெயர்ந்தோர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல்களை ‘பழைய மரபுக்கும் புதிய நாட்டுக்குமிடையிலான போராட்டம்’ என்னும் சூத்திரத்தினுள் அடக்கிவிடுவது விமரிசகரிடையே வழக்கமாகிவிட்டது. பெற்றோர் மரபின் பக்கம், பிள்ளைகள் புதுமையின் பக்கம், இடையே கண்ணீர். இச்சூத்திரம் முற்றிலும் பொய்யென்று கூறுவதற்கில்லை. ஆயினும் மரபு யாருடைய உழைப்பினால் நிலைபெறுகின்றது, அதற்கான விலையைக் குடும்பத்தினுள் யார் கொடுக்கின்றனர் என்னும் வினாக்களை அது மறைத்துவிடுகின்றது. அவ்வினாக்களை எழுப்ப இடந்தரும் படைப்புகளுள் ஒன்று, மாரியோ பூசோ 1965இல் வெளியிட்ட ‘த போர்ச்சுனேற் பில்கிறிம்’ (பேறுபெற்ற யாத்திரிகர்) என்னும் நாவல்.

பூசோ என்றதும் வாசகர் நினைவுக்கு வருவது இந்நாவலன்று. 1969இல் வெளிவந்த ‘கோட்பாதர்’ (ஞானத்தந்தை) என்பதே. 1972இல் அது திரைப்படமாகி உலகெங்கும் பரவியது. 1987இல் வெளியான ‘நாயகன்’ முதலிய படங்கள் வாயிலாக அதன் சாயல் தமிழ் இரசிகர்களையும் வந்தடைந்தது. ஆனால் பூசோ தமது படைப்புகளுள் சிறந்ததெனக் கருதியது முன்னைய நாவலையே. அவரது முதலிரு நாவல்களும் சேர்ந்து ஈட்டிக்கொடுத்த தொகை 6,500 டொலர் மாத்திரமே. நாற்பத்தைந்து வயதில், ஏறத்தாழ 20,000 டொலர் கடனுடன், பணத்துக்காகவே ‘கோட்பாதர்’ எழுத முற்பட்டதாக அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். இவ்விரு நூல்களுக்கும் இடையிலான தூரம் ஓர் எழுத்தாளரின் தனிப்பட்ட வரலாறு மட்டுமன்று. இத்தாலியக் குடியேறிகளின் வாழ்வு இலக்கியச் சந்தையில் எவ்வாறு உருமாற்றப்பட்டது என்பதன் வரலாறுமாகும்.

நாவலின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். 1861இல் இத்தாலி ஒன்றிணைக்கப்பட்டபோதும் தென்பகுதி விவசாயியின் நிலை உயரவில்லை. நிலமின்மையும் வரிச்சுமையும் அவனைக் கப்பலேற்றின. 1880ஆம் ஆண்டு முதல், குடிவரவை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய 1924ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான காலத்தில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தென்பகுதியினர். தெருக்களும் சுரங்கப் பாதைகளும் மாடிக் கட்டடங்களும் அவர்களது உடலுழைப்பில் எழுந்தன. 1920இல் நியூயோர்க்கில் இத்தகைய குடும்பமொன்றிலேயே பூசோ பிறந்தார்.

நாவலின் மையப் பாத்திரம் லூசியா சாந்தா. நியூயோர்க் மேற்குப் பகுதியில், புகையிரதப் பாதை ஓடும் பத்தாம் அவெனியூவில் ஆறு பிள்ளைகளை வளர்க்கும் தாய். முதற் கணவன் இறந்துபோகின்றான். இரண்டாம் கணவன் மனம் பேதலித்து மருத்துவமனையில் அடைபடுகின்றான். குடும்பச் சுமை முழுவதும் அவள் தலையிலேயே விழுகின்றது. மேலோட்டமாக நோக்குமிடத்து அவள் மரபின் காவலராகவே தோன்றுவாள். கோடை இரவுகளில் கறுப்புடை தரித்த பெண்கள் தெருவோரம் அமர்ந்து, தம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டதென அமெரிக்காவைச் சபிக்கின்றபோது அவளும் அவர்களுடன் சேர்ந்தே சபிக்கின்றாள்.

ஆயினும் அவள் அமெரிக்கா வந்த கதையை ஆசிரியர் கூறும் இடத்தில் சூத்திரம் உடைந்துவிடுகின்றது. மணமகள் கொண்டுசெல்ல வேண்டிய துணிமணிகளை வறுமையால் தரவியலாதெனத் தந்தை கைவிரித்தபோதே, அந்த இளம்பெண் ஊரை விட்டுச் செல்லத் துணிகின்றாள். சிறுவயதில் கண்டு மறந்துபோன ஒருவனை, அவன் நேரில் இல்லாமலே பதிலாள் மூலம் மணந்து, கடல் கடக்கின்றாள். மரபு அவளைக் காக்கவில்லை. தான் விதித்த சடங்கை நிறைவேற்றும் வசதியைக்கூட அது அவளுக்கு அளிக்கவில்லை. ஆகவே பத்தாம் அவெனியூவில் அவள் நிலைநாட்ட முயலும் ‘பழைய ஒழுங்கு’ ஊரிலிருந்து அப்படியே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டதன்று. வறுமைக்கு எதிராக அந்நிய நகரில் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட அரண் அது. இந்த நுட்பமே நாவலின் தலையாய வெற்றி எனலாம்.

அவ்வரணுக்குக் கல் சுமப்போர் பிள்ளைகள். சம்பளம் தாயின் கைக்கே செல்லவேண்டும் என்பது வீட்டின் எழுதாச் சட்டம். மூத்த மகள் ஒக்டேவியா ஆசிரியையாக விரும்புகின்றாள். கிடைப்பதோ தையற் தொழில். தான் மகிழ்ச்சியாக வாழ விரும்புவதாக அவள் கூறுவது தாயின் ஏளனத்துக்கு உரியதாகின்றது. உயிரோடிருப்பதே வெற்றி எனக் கண்ட தலைமுறைக்கு மகிழ்ச்சி என்பது விளங்காத ஆடம்பரச் சொல். சிறுவயதிலேயே வேலைக்கு அனுப்பப்படும் வின்சென்சோ, ஈற்றில் புகையிரதப் பாதையில் உயிரிழக்கின்றான். குடும்பம் பிள்ளைகளைக் காக்கின்றது. குடும்பத்தைக் காப்பதில் பிள்ளைகள் தேய்கின்றனர். இம்முரண்பாட்டைப் பூசோ எவ்விதப் பிரசங்கமுமின்றிச் சம்பவங்களின் வாயிலாகவே புலப்படுத்துகின்றார்.

இவ்விடத்தில் பியெத்ரோ டி டொனாட்டோவின் ‘கிறைஸ்ட் இன் கொன்கிரீட்’ (1939) ஒப்புநோக்கத் தக்கது. கொத்தனாரான தந்தை 1923ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கட்டடம் சரிந்து இறக்க, பன்னிரண்டு வயதில் கரண்டியைக் கையிலெடுத்தவர் டி டொனாட்டோ. அந்த அனுபவமே அவரது நாவலாயிற்று. தொழிலாளியைப் பலிகொள்ளும் அமைப்பை அவர் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகின்றார். இத்தாலியத் தொடரமைப்பு ஊடுருவிய ஆங்கிலத்தில் அவரது குரல் ஓங்கி ஒலிக்கின்றது. பூசோவிடம் அவ்வுக்கிரம் இல்லை. அதற்கு ஈடாக, சுரண்டல் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை, உணவு மேசை வரை வந்துவிடுகின்றது என்னும் உண்மையை அவர் காட்டுகின்றார்.

மூத்த மகன் லாரியின் கதை தனித்து நோக்கற்பாலது. புகையிரதத்தின் முன்னே குதிரையேறிச் சென்று பாதசாரிகளை எச்சரிக்கும் இளைஞனாக அறிமுகமாகும் அவன், பின்னர் பேக்கரி உரிமையாளரிடம் தொழிற்சங்கத்தின் பெயரால் மிரட்டிப் பணம் வசூலிக்கும் கூட்டத்தில் சேர்கின்றான். இந்நாவலில் அது ஓரத்தில் நிகழும் ஒரு வீழ்ச்சி. ‘கோட்பாதர்’ நூலிலோ அந்த ஓரமே மையமாகி, வீழ்ச்சி வீரமாகின்றது. ஞானத்தந்தை வாய் திறக்கும்போதெல்லாம் தாம் கேட்டது தமது தாயின் குரலையே எனப் பூசோ பிற்காலத்தில் குறிப்பிட்டார். இக்கூற்று பலராலும் ஒரு சுவையான தகவலாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஆழ்ந்து நோக்கின் அது வேதனைக்குரியது. ஆறு பிள்ளைகளுக்கு உணவூட்டப் போராடிய ஓர் ஏழைப் பெண்ணின் விவேகமும் கண்டிப்பும், துப்பாக்கி ஏந்திய ஆண்மகனின் வாயிலிருந்து வந்தபோதே உலகம் செவிசாய்த்தது.

நாவலில் குறைகள் இல்லாமலில்லை. முற்பகுதியில் தாய்க்கு நிகராக நிற்கும் ஒக்டேவியா, திருமணத்தின் பின் கதையின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றாள். ஆசிரியரின் கவனம் ஜீனோ என்னும் மகன்மீது குவிகின்றது. மரபின் விலையை அதிகம் கொடுத்தவளின் கணக்கு இவ்வாறு முடிக்கப்படாமலே விடப்படுகின்றது. எனினும் இறுதியில் குடும்பம் லோங் ஐலன்டிலே சொந்த வீட்டுக்குக் குடிபெயரும்போது, விரும்பியதை அடைந்த லூசியா சாந்தா கண்ணீர் விடுவதாகக் காட்டியமை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று. அவள் ‘பேறுபெற்றவள்’ என்பது பொய்யன்று. அப்பேற்றின் விலைச்சீட்டில் வின்சென்சோவின் பெயரும் இருக்கின்றது.

புலம்பெயர்ந்தோரின் இலக்கியத்தை ஆராய முற்படுவோர், மரபு அழிந்ததா நிலைத்ததா என்று கேட்பதுடன் அமைந்துவிடலாகாது. அம்மரபை யார் சுமந்தனர், சுமந்தவரின் குரல் யாருடைய வாய்க்கு மாற்றப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும். ஞானத்தந்தையை நன்கறிந்த வாசகர், அவனுக்குக் குரல் கொடுத்த தாயையும் தேடிப் படித்தல் தகும்.