சாலை விபத்தும் ‘ஓட்டுநர் தவறு’ என்னும் கணக்கும்

ஒரு விபத்து நேர்ந்தால் அதற்குக் காரணத்தைத் தேடுகிறோம். காரணத்தைத் தேடுவதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் ஓர் ஆளைத் தேடுகிறோம். ‘தாறுமாறாக ஓட்டினான்’, ‘கண்மண் தெரியாமல் வந்தான்’ என்று சொல்லிவிட்டால் மனம் அமைதி அடைந்துவிடுகிறது. தேநீர்க் கடைப் பேச்சில் இது பொறுத்துக்கொள்ளத் தக்கதே. ஆனால் அரசின் புள்ளிவிவர நூலும் இதே முறையைப் பின்பற்றுமானால், அது அறிவியலுக்குப் பொருந்தாது. உயிர்களைக் காக்கவும் உதவாது. அத்தகைய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் முடிவைக் காரைக்கால் வட்டாரத்துச் சாலைகளில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் ‘இந்தியாவில் சாலை விபத்துகள்’ என்னும் அறிக்கையை வெளியிடுகிறது. மாநிலக் காவல்துறைகள் அனுப்பும் எண்களின் தொகுப்பு அது. 2022-ஆம் ஆண்டில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். இந்த எண்களைத் தொகுத்து அளித்ததற்காக அறிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

காரணங்களைச் சொல்லும் இடத்தில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. 2016-ஆம் ஆண்டு அறிக்கை, விபத்துகளில் 84 விழுக்காட்டுக்குக் காரணம் ‘ஓட்டுநர் தவறு’ என்றது. 2022-ஆம் ஆண்டு அறிக்கையோ, இறப்புகளில் 71 விழுக்காட்டை ‘அதிவேகம்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கிறது. பெயர் மாறிற்று, சுட்டும் விரல் மாறவில்லை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-அ ஆகிய பிரிவுகளும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 ஆகிய பிரிவுகளும் இதற்குப் பயன்படுகின்றன. இவை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கவனமின்றி ஓட்டியவர் யார்? கேள்வி இப்படி இருக்கும்போது விடை ஒரு மனிதனின் பெயராகத்தானே இருக்கும்? மோதிய வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது, அவ்விடத்தில் எவ்வளவு வேகம் தக்கது என்று அளந்து எழுதப்படுவது அரிது. வழக்கு மன்றத்துக்கு வேண்டிய குற்றவாளியை, ஆராய்ச்சிக்கு வேண்டிய காரணமாக அறிக்கை மாற்றிக்கொள்கிறது. இதுவே அதன் அடிப்படைக் குறை.

1966-இல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென அமைந்த அரசு நிறுவனத்தின் முதல் தலைவர் வில்லியம் ஹேடன் ஒரு மருத்துவர். விபத்தை நோயைப் போல் ஆராய வேண்டும் என்றார் அவர். மோதலுக்கு முன், மோதும்போது, மோதியபின் என்று மூன்று வரிசைகள். மனிதன், வண்டி, சூழல் என்று மூன்று பத்திகள். ஆக 9 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தும் இருக்கலாம். நம் அறிக்கை இந்த 9 கட்டங்களுள் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது.

வேகத்தின் கணக்கு

‘அதிவேகம்’ என்பது பொய் என்று நாம் சொல்லவில்லை. வேகம் எவ்வளவு கொடியது என்பதை இயற்பியல் மாணவர் எவரும் நன்கறிவர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். இதை உயரமாக மாற்றிப் பார்த்தால் எளிதில் விளங்கும். 30 கி.மீ. வேகத்தில் மோதுவது 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளலாம். 50 கி.மீ. என்றால் 10 மீட்டர். அதாவது மூன்று மாடி. 60 கி.மீ. என்றால் 14 மீட்டர்.

இனி நிறுத்தும் தொலைவைப் பார்ப்போம். இந்தியச் சாலைப் பேராயம் தன் கணக்குகளில், ஓட்டுநர் இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 வினாடி ஆகும் என்று கொள்கிறது. இந்தக் காலத்தையும் டயரின் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும், 60 கி.மீ. என்றால் 80 மீட்டர் வேண்டும்.

ஒரு சிறுவன் 45 மீட்டர் முன்னால் சாலைக்குள் ஓடி வருகிறான் என்று கொள்வோம். 40-இல் வந்தவர் அவனுக்கு முன்னால் நின்றுவிடுகிறார். 60-இல் வந்தவரோ பிரேக்கை மிதிக்கும் முன்பே ஏறத்தாழ 42 மீட்டரைக் கடந்துவிடுகிறார். எஞ்சிய 3 மீட்டரில் வேகம் 57-க்குத்தான் இறங்கும். இருவருடைய கவனமும் ஒன்றே. இருவருக்கும் ஆன நேரமும் ஒன்றே. ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று எதைக்கொண்டு சொல்வது? வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்வது பெரும்பாலும் சாலையின் அகலமும் நேர்மையுமே. அகன்று நீண்ட சாலையைப் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் ‘30’ என்று பலகை நட்டால், பலகையைவிடச் சாலையே உரக்கப் பேசும்.

காரைக்கால் சாலையில்

காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்ட புதுச்சேரியின் ஒரு துண்டு நிலம். வடக்கே பூவத்தில் நுழையும் கடற்கரை நெடுஞ்சாலை கோட்டுச்சேரி, காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம் எனப் பல ஊர்களைத் தொட்டு, தெற்கே வாஞ்சூரில் வெளியேறுகிறது. தொலைதூரப் பேருந்தும், 2009 முதல் இயங்கிவரும் துறைமுகத்தை ஒட்டிய பாரவண்டிகளும், மீன் கூடை ஏற்றிய மொபெட்டும், பள்ளி மாணவியின் சைக்கிளும் இந்த வட்டாரத்தில் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சனிக்கிழமைகளில் திருநள்ளாறு செல்லும் அடியார் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். புறவழிச் சாலைகள் பாரவண்டிகளை விலக்கலாம். உள்ளூர் மக்கள் பழைய சாலையில்தான் இருப்பார்கள்.

மேற்கே நெடுங்காடு, அம்பகரத்தூர்ப் பக்கம் போனால் காட்சி வேறு. காவிரிக் கடைமடையின் சாலைகள் பல, வாய்க்கால் கரையின் மேல் போடப்பட்டவை. வாய்க்கால் வளைந்தால் சாலையும் வளையும். மதகு வரும் இடத்தில் அகலம் சுருங்கும். ஒதுங்க இடம் கிடையாது, ஒதுங்கினால் தண்ணீர். அறுவடைக் காலத்தில் நெல்லை உலர்த்துவதற்கும் இச்சாலையே களம். தாரின்மேல் பரவிய நெல்மணிகள் சிறு உருளைகளாகி உராய்வைக் குறைத்துவிடும். மேலே நாம் கண்ட நிறுத்தத் தொலைவு அங்கே இன்னும் நீளும். உலர்களம் போதாத ஊரில் உழவர் வேறு எங்கே போவார்? இதுவும் அந்த 9 கட்டங்களுள் ஒன்றில் எழுதப்பட வேண்டிய செய்தியே.

வேகத்தடை என்னும் பெயரில்

ஊரில் ஒருவர் அடிபட்டு இறந்தால் மக்கள் மறியல் செய்வதும், மறுநாள் அவ்விடத்தில் ஒரு வேகத்தடை முளைப்பதும் வழக்கம். மக்களின் கோரிக்கை நியாயமானது. முளைக்கும் பொருள்தான் தவறானது.

இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1973-இல் இதை ஆராய்ந்து, 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைவு மேட்டைப் பரிந்துரைத்தார். இந்தியச் சாலைப் பேராயம் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே அளவைத் தருகிறது. இந்த வில்லின் ஆரம் 17 மீட்டர். இதன்மேல் 25 கி.மீ. வேகத்தில் ஏறும் வண்டிக்குச் செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு, இலேசான தாலாட்டுத்தான். 40 கி.மீ. என்றால் 0.75 பங்கு, நன்றாகத் தூக்கிப் போடும். 47-ஐ நெருங்கினால் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். மெதுவாக வருபவரை வருத்தாமல் விரைந்து வருபவரை மட்டும் தண்டிக்கும் அழகிய கருவி இது.

நம் ஊர்களில் காண்பதோ ஒரு முழ நீளத்தில் தார்க் கலவையைக் கொட்டி எழுப்பிய வரப்பு. வாட்ஸின் ஆய்வு காட்டியபடி, இத்தகைய குட்டை மேட்டில் விளைவு தலைகீழாகிறது. காரை விரைந்து ஓட்டினால் சக்கரம் மட்டும் துள்ளும். வில்லும் டயரும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். மெதுவாகப் போனால்தான் குலுக்கல் மிகுதி! ஸ்கூட்டரின் சிறு சக்கரத்துக்கோ அது ஏறத்தாழ ஒரு சுவர். வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் விளக்கும் இல்லையென்றால், இரவில் பின்னிருக்கையில் அமர்ந்து வரும் பெண்மணி தூக்கி எறியப்படுவதில் வியப்பில்லை. அந்த வழக்கும் ‘ஓட்டுநர் தவறு’ என்றே பதிவாகும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-அ பிரிவு, சாலையைத் தரமின்றி அமைப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அப்பிரிவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் சாலையின் குறை ஏட்டில் ஏற வேண்டுமல்லவா?

பேருந்தும் பேட்டாவும்

‘கெட்ட ஓட்டுநர்’ என்றதும் தனியார் பேருந்து நினைவுக்கு வருகிறது. ஒலிப்பானை அலறவிட்டு, முன்னால் செல்லும் பேருந்தை முந்தி, அடுத்த நிறுத்தத்தின் பயணிகளை அள்ளிக்கொள்ளும் ஓட்டத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்துப் பேட்டா கிடைக்கும் இடங்களில், அந்த ஓட்டம் குணக்கேடா, கூலிமுறையா?

இதற்குச் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரம் விடை தந்திருக்கிறது. அங்கு ஒரே நகரில், ஒத்த தடங்களில், சில ஓட்டுநர்களுக்குப் பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் வேறு சிலருக்கு நிலையான சம்பளமாகவும் ஊதியம் வழங்கப்பட்டது. 2005-இல் வெளிவந்த ஆய்வின்படி, எண்ணிக்கைக் கூலி பெற்றவர்கள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 67 விழுக்காடு அதிக விபத்துகளை உண்டாக்கினர். நிலைச் சம்பளத் தடங்களில் பயணிகள் 10 விழுக்காடு கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நிலையங்களின் டைம் கீப்பரைப் போல், முன் சென்ற பேருந்தின் நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லிப் பிழைப்பவர்களும் அங்கே இருந்தனர். ஊதிய முறையை மாற்றினால் அதே மனிதர் வேறு விதமாக ஓட்டுகிறார் என்றால், காரணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

காரைக்காலுக்கு எல்லைச் சிக்கலும் உண்டு. ஊரைவிட்டுச் சிறிது தூரம் போனாலே வேறு மாநிலம். ஒரு மாநிலத்தின் அனுமதி மறு மாநிலத்தில் செல்ல, மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவின்படி மறு ஒப்புதல் வேண்டும். நாகூருக்கோ பொறையாற்றுக்கோ கூடுதலாக ஒரு பேருந்து விடுவதும் இரண்டு அரசுகளின் காரியமாகிவிடுகிறது. 1898-இல் அமைந்த பேரளம்–காரைக்கால் இருப்புப்பாதை 1980-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது; அதை அகலப் பாதையாக மீண்டும் அமைத்துச் சோதனை ஓட்டம் பார்க்க 2025 ஆயிற்று. நாகூரிலிருந்து இரயில் வந்ததும் 2011-இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது. வண்டிகளுள் மிகவும் ஆபத்தானது அதுவே என்பதை மேலே கண்ட எண்களே சொல்கின்றன.

மது பற்றிய விவாதமும் இங்கேதான் வழி தவறுகிறது. புதுச்சேரிப் பகுதியில் மதுவின் விலை குறைவு. பக்கத்து ஊர்களிலிருந்து குடிக்க வருவோர் உண்டு. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நகராட்சி எல்லைகளுக்கு அது பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் வந்தது. கடைக்கும் சாலைக்கும் உள்ள தொலைவை அளந்தோம். குடித்தவர் வீடு திரும்ப இரவில் பேருந்து உண்டா என்று எவரும் அளக்கவில்லை.

ஓட்டுநரின் பங்கு

இவ்வளவும் சொன்னதால் ஓட்டுநர்க்குப் பொறுப்பே இல்லை என்று எவரும் கொள்ள வேண்டாம். தலைக்கவசம் அவரவர் கையில் இருப்பது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் விழுந்து 3 மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு. உள்ளிருக்கும் நுரைப்பொருள் அந்தத் தொலைவை 25 மில்லிமீட்டராக நீட்டினால் 60 மடங்குதான். தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புதுச்சேரியில் 2019 பிப்ரவரியில் தலைக்கவசக் கட்டாயம் வந்தபோது, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, முதலமைச்சர் நாராயணசாமி ஆகியோரிடையே அது ஓர் அதிகாரப் போட்டியாயிற்று. ஆணையிட்டவர் யார் என்று பேசினோம். மண்டை ஓட்டைப் பற்றிப் பேசவில்லை.

இனிச் செய்ய வேண்டுவன

சுவீடன் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவறுக்கு உயிரைத் தண்டனையாகப் பெறாதவாறு சாலையை அமைப்பது அரசின் கடமை என்பதே அது. அவ்வாண்டில் அங்கே 500-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். 2022-இல் 230-க்கும் குறைவு. சுவீடன் மக்கள் திடீரென நல்லவர்களாகிவிடவில்லை, சாலைகள் மாறின.

நாம் சுவீடனாக வேண்டியதில்லை. இறப்பு நேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் காவலருடன் ஒரு சாலைப் பொறியாளரும் சென்று, அகலம், வளைவு, வெளிச்சம், வேகத்தடையின் அளவு ஆகியவற்றை அளந்து எழுதட்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்த மின்னணு விபத்துத் தொகுப்பு நாடெங்கும் வந்துவிட்டது. அதில் சாலையின் பகுதியை வெற்றாக விடாமல் நிரப்பட்டும். குட்டை வரப்புகளைச் செதுக்கி முறையான மேடுகளாக்கட்டும். பேருந்துப் பணியாளரின் ஊதியத்தை வசூலிலிருந்து பிரிக்கட்டும். எல்லை தாண்டும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இரு அரசுகளும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

காரைக்காலில் ஒரு மீட்டர் நாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு பள்ளி, கல்லூரி மாணவர்களே தம் ஊர் வேகத்தடைகளை அளந்துவிட முடியும். நீளம், உயரம், கோடு உண்டா, பலகை உண்டா என்ற நான்கு விவரங்கள் போதும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு, ‘ஓட்டுநர் தவறு’ என்று விடை சொல்லித் தப்புவது எளிதாயிராது.