கிழமைத் தவணையும் கராம்பு மரமும்

கிராமியக் கடனைப் பற்றி நம் பட்டப்படிப்பு மாணவர்கள் கொண்டுவரும் வினாக்கொத்துகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: ‘உங்கள் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு?’ சற்றுக் கீழே, ‘கடன் பெற்ற பின்னர் வருமானம் அதிகரித்ததா?’ விடைகளைக் கூட்டிப் பிரித்து, கடன் வசதி வருமானத்தை உயர்த்துகிறது என்றோ இல்லையென்றோ முடித்துவிடுகிறார்கள். தமிழ் படித்த எனக்குப் புள்ளிவிபரத்தில் குறை சொல்லத் தகுதியில்லை. சொல்லில் குறை சொல்லலாம். ‘மாத’ என்ற அந்தச் சொல் கண்டியைச் சுற்றியுள்ள பல வீடுகளுக்குப் பொருந்தாது.

அக்குறணை, ஹாரிஸ்பத்துவ, தும்பறைப் பக்கத்து வீட்டுத் தோட்டமொன்றைப் பாருங்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி, பலா, நாலு கமுகு எல்லாம் ஒன்றாக நிற்கும். கராம்புக் கன்று நட்டால் முதற்பறிப்புக்கு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். பிறகும் ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஏமாற்றும். காசு வருவது பறிப்புக் காலத்தில், மொத்தமாக. இந்தத் தோட்டக்காரரிடம் மாத வருமானம் கேட்டால், வருட வரவைப் பன்னிரண்டாகப் பிரித்து உத்தேசமாக ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகை எந்த மாதத்திலும் அவர் கையில் இருந்ததில்லை.

அவர் வீட்டுப் பெண் எடுக்கும் நுண்கடனோ கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டியது. எங்கள் பக்கத்துத் தாத்தா ஒருவர் கேட்டார்: “கராம்பு வருசத்துக்கு ஒருக்காத்தானே டீச்சர் பூக்குது. லோன்கார மாத்தயா செவ்வாய்க்குச் செவ்வாய் வாறார். ஒவ்வொரு செவ்வாயும் மரத்தை உலுப்பவா ஏலும்?” பசு வளர்ப்பவரும், விடிய இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவரும் இதே கடனைச் சமாளிப்பார்கள். அவர்கள் கையில் தினமும் காசு புழங்குகிறது. தோட்டத்துக் குடும்பம் தவணைக்காக இன்னொரு கடன் எடுக்கும். இல்லையென்றால் பறிப்புக்கு முன்பே விளைச்சலை மரத்தோடு பேசிக் கொடுத்துவிடும். காயவைத்துப் பொறுத்திருந்து விற்றால் கிடைக்கக்கூடிய கூடுதல் விலை வாங்கியவருக்குப் போகிறது. அப்படியானால் அந்தக் கடன் உயர்த்தியது யாருடைய வருமானத்தை?

வெளிநாட்டு ஆய்வுகள் சராசரியைத்தான் அதிகம் பேசுகின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் ஹைதராபாத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நுண்கடன் நுழைந்த பகுதிகளில் குடும்பச் செலவு சராசரியாகக் கூடவில்லை. முன்பே தொழில் நடத்தியோரில் ஒரு பகுதியினருக்கே நன்மை. நம் நாட்டில் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் மூவரும் களுத்துறை, காலி, மாத்தறைச் சிறுதொழில்காரர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியைக் கடனாக அல்ல, இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் இலாபம் கூடியது. பெண்களின் இலாபம் சராசரியாகக் கூடவில்லை. (நுண்கடனையோ பெண்களைத் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள்!)

எனக்கு மிகவும் பயன்பட்டது 2013இல் வெளியான கொல்கத்தா ஆய்வு. எரிக்கா ஃபீல்ட், ரோஹினி பாண்டே முதலானோர் சிலருக்கு முதல் தவணையை இரண்டு கிழமையிலும், மற்றோருக்கு இரண்டு மாதம் கழித்தும் தொடங்கினார்கள். கடன் அதே கடன். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், பின்னர் இலாபமும் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் அவர்களில் அதிகம் என்பதை மறைக்கக் கூடாது. கடன் கொடுப்பவர் அவகாசத்துக்குத் தயங்குவது இதனால்தான்.

நம் அரசும் 2018இல் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு அறிவித்தது. வறட்சி மாவட்டங்களில் பெண்களின் கடன் ஒரு இலட்சம் ரூபா வரை தள்ளுபடி என்றது. தவணை நாளை யாரும் தொடவில்லை. 2021இல் ஹிங்குரக்கொடையில் பெண்கள் ஐம்பது நாளுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது.

நாம் மட்டும் என்ன எழுதியிருக்கிறோம்? கடன் என்றதும் வட்டி ஹராம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது சரிதான், ஆனால் பாதி. குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா பகராவின் 282ஆம் வசனம் தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதிவைப்பது பற்றியது. 280ஆம் வசனம் கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. வட்டியில்லாத கடனையும் கிழமைத் தவணையில் கேட்டால் கராம்பு மரத்துக்கு அது ஒன்றுதான். காசை முன்னால் கொடுத்து, அளவும் நாளும் குறித்து, விளைச்சலைப் பின்னால் வாங்கும் ஸலம் என்ற ஒப்பந்தம் மதீனாவின் பேரீச்சந் தோட்டங்களில் நடைமுறையில் இருந்தது. பழுக்கும் பக்குவம் தெரியுமுன் மரத்திலிருக்கும் கனியை விற்பதோ தடுக்கப்பட்டது. இன்று மரத்தோடு பேசி வாங்குகிறவர்களில் நம் வியாபாரிகளும் உண்டு. வங்கி வட்டியைப் பற்றிக் காரசாரமாக எழுதும் நம் பேனாக்கள் இந்த வியாபாரத்தின் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

ஆய்வுகள் பெரும்பாலும் ‘நுகர்வுக் கடன்’ என்று ஒதுக்கிவிடும் ஒன்றையும் பார்க்க வேண்டும்: நகை அடகு. வட்டி இருப்பது தெரிந்தும் தோட்டத்துப் பெண்கள் காப்பை எடுத்துக்கொண்டு அடகு பிடிக்கும் இடத்துக்குப் போகிறார்கள். காரணம் கேட்டால், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்க ஆளில்லை என்பார்கள். பொதுவாக ஒரு வருடத் தவணை, கராம்பு விற்ற காசில் ஒரே தடவையில் மீட்கலாம். காப்பு இல்லாத வீடுதான் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்து வைக்கிறது.